புது காரின் அடியில் ஒரு தகரச் சத்தம்

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். சிக்னலில் பஸ் நிற்கும்போது கண்ணாடி கடகடவென்று ஆடும். டிரைவர் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்ததும் அந்தச் சத்தம் நின்று, இரண்டு சீட் தள்ளி வேறொரு கண்ணாடி ஆட ஆரம்பிக்கும். பொறுக்க முடியாதவர் கண்ணாடி மேல் ஒரு விரலை வைத்து அழுத்துவார். சத்தம் போய்விடும். விரலை எடுத்தால் திரும்ப வரும்.

ஸ்போர்ட்ஸ் காரின் சைலன்சர் பக்கம் வரும் சத்தத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய அறிவு ஏறக்குறைய இவ்வளவுதான். எப்போது ஆடுகிறது? எதன் மேல் விரல் வைத்தால் நிற்கிறது? என்ன, இங்கே விரல் வைக்க வேண்டிய இடம் காருக்கு அடியில், தோசைக்கல்லைவிடச் சூடாக இருக்கும். அதனால்தான் பலரும் முதல் கேள்வியைக்கூடக் கேட்காமல் ஷோரூமுக்கு ஓடி, "சத்தம் வருது சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, "ஒண்ணும் இல்லையே சார்" என்ற பதிலோடு திரும்பி வருகிறார்கள்.

கோவையில் என் நண்பர் ஒருவருக்கும் இதுதான் நடந்தது. பல வருட ஆசையைச் சேர்த்து இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினார். எந்தக் கம்பெனி என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். ஓடோமீட்டர் 1,100 கிலோமீட்டரைத் தொட்டபோது போன் வந்தது. "அண்ணே, வண்டிக்கு அடியில ஏதோ தகரம் ஆடுது. ஷோரூம்ல கேட்டா, ஸ்போர்ட்ஸ் காருன்னா அப்படித்தான் சார் இருக்கும்கறாங்க."

அந்தப் பதிலில் பாதி உண்மை. எடையைக் குறைப்பதற்காக ஸ்போர்ட்ஸ் காரில் சத்தம் அடக்கும் பஞ்சையும் விரிப்பையும் குறைத்துவிடுவார்கள். போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் போன்ற கார்களில் பின்கண்ணாடியே மெல்லியது. இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர்கள் குடும்பக் காரில் இருப்பதைவிடக் கெட்டியாக இருப்பதால் அதிர்வு நேராக உடம்புக்கு வரும். சில கார்களில் சத்தத்தை வேண்டுமென்றே உள்ளே கொண்டுவருகிறார்கள். 2012இல் வந்த டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் இரட்டையர்களில் காற்று உள்ளே போகும் பாதையிலிருந்து ஒரு குழாய் பிரிந்து, இன்ஜின் ஒலியை டிரைவர் பக்கம் கொண்டுவரும். 2011இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 இன்னும் ஒரு படி மேலே போய், ஸ்பீக்கர் வழியாகவே இன்ஜின் சத்தத்தைப் போட்டது.

மீதிப் பாதி சமாளிப்பு. உறுமல் வேறு, ஆட்டம் வேறு. உறுமல் ஆக்ஸிலரேட்டரோடு சேர்ந்து சீராக ஏறி இறங்கும். அதை ஒருவர் உட்கார்ந்து வடிவமைத்திருக்கிறார். தகரம் ஆடும் சத்தமோ ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் திடீரென வரும், இருநூறு முந்நூறு தாண்டியதும் காணாமல் போகும். அதை யாரும் வடிவமைக்கவில்லை. எத்தனை லட்சம் கொடுத்து வாங்கியிருந்தாலும், எவ்வளவு வேகம் போகும் வண்டியாக இருந்தாலும், தகரம் ஆடினால் எங்கோ ஒன்று இன்னொன்றில் உரசுகிறது என்றுதான் பொருள்.

ஏன் ஒரே ஆர்பிஎம்மில் மட்டும்? நான்கு சிலிண்டர் இன்ஜின் 1,800 ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 30 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு சிலிண்டர்கள் வெடிக்கும். ஆக, நொடிக்கு 60 தடவை சைலன்சர் பைப்புக்குள் ஒரு குத்து விழுகிறது. பைப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மெல்லிய தகடு, தட்டினால் இயல்பாகவே நொடிக்கு 60 தடவை அதிரக்கூடியதாக இருந்தால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளியது போல ஆகிவிடும். தகடு பேயாட்டம் ஆடும். 2,200 ஆர்பிஎம்முக்குப் போனால் குத்து 73 ஆகிவிடுகிறது, தாளம் தப்புகிறது, தகடு அடங்கிவிடும். எட்டு சிலிண்டர் இன்ஜினில் அதே 1,800இல் 120 குத்து. இரண்டு கார்களில் ஒரே மாதிரித் தகடு தளர்ந்திருந்தாலும், சத்தம் ஒன்றில் சாதாரணமாக ஓட்டும்போது வரும், மற்றதில் விரட்டினால்தான் வரும்.

காருக்கு அடியில் படுத்துப் பார்த்தால் இருப்பவை இவைதான்: இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் மேனிஃபோல்டு, அடுத்து கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், பிறகு நீளமான பைப், நடுவில் ரெசனேட்டர் என்ற சின்னச் சைலன்சர், கடைசியில் பெரிய சைலன்சர். இந்த மொத்தக் கோவையும் ரப்பர் வளையங்களில் தொங்குகிறது. காரின் உடம்பில் இறுக்கமாகப் பூட்டியிருக்க மாட்டார்கள், பூட்டவும் கூடாது. காரணம் சூடு. இரண்டு மீட்டர் நீள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்பின் சூடு 400 டிகிரி செல்சியஸ் கூடினால், அது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளும். சில வகை எஃகில் அதற்கும் கொஞ்சம் மேலே. அந்த நீட்டத்துக்கு இடம் விட்டுத்தான் தொங்கவிடுகிறார்கள். இவ்வளவு சூட்டிலிருந்து காரின் தரையையும் பெட்ரோல் டாங்கையும் காப்பாற்ற பைப்புக்கு மேலே மெல்லிய அலுமினியத் தகடுகளைப் பூட்டியிருப்பார்கள். ஹீட் ஷீல்டு என்பது இதுதான். கையால் வளைத்தால் வளையும் அளவுக்கு மெல்லியது. சைலன்சர் பக்கம் சத்தம் என்று வரும் வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆள் இவரே.

சத்தத்தை ஷோரூமில் எப்படிச் சொல்வது என்பதற்கு எனக்கு ஒரு கருத்து உண்டு. 'ராட்டில்' என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்குள் பத்து நோய்கள் அடங்கிவிடும். நம்மிடம் இரட்டைக்கிளவி என்ற சொத்து இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஜிர்ர் என்று வண்டு பறப்பது போல வந்தால் பெரும்பாலும் மெல்லிய தகடு, அதாவது ஹீட் ஷீல்டு அல்லது தளர்ந்த கிளாம்ப். கிணுகிணு என்று சின்ன மணி ஆடுவது போல, கால் எடுத்ததும் வந்தால் சைலன்சருக்குள் திறந்து மூடும் வால்வையோ டர்போவில் இருக்கும் வேஸ்ட்கேட் மூடியையோ பார்க்க வேண்டும். லொடலொட என்று கனமாக, பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் வந்தால் தொங்கும் ரப்பர் கழன்றோ கிழிந்தோ இருக்கலாம். டிக்டிக் என்று இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஓடினால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவு. டப்பாவுக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போலச் சலசலத்தால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் இருக்கும் பீங்கான் தேன்கூடு உடைந்திருக்கலாம். புது வண்டியில் இந்தக் கடைசி வகை அபூர்வம். ஆனால் இதோடு டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கும் விட்டுவிட்டு எரிந்தால் அப்புறம் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை அது.

அடுத்து நேரம். காதைவிட இதை நம்பலாம். காருக்கு அடியில் பிறக்கும் சத்தம் தரைத் தகடு வழியாக ஓடி எங்கோ வெளிவரும். பின்னால் கேட்பது முன்னால் பிறந்திருக்கும். ஆனால் எப்போது வருகிறது என்பது பொய் சொல்லாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இருந்து, நாலைந்து நிமிடத்தில் போய்விட்டால், சூட்டில் விரிந்து எதுவோ அடைபடுகிறது, அல்லது இறுகுகிறது. கேஸ்கெட் கசிவு பெரும்பாலும் இப்படித்தான் ஒளிந்துகொள்ளும். இருபது நிமிடம் ஓட்டிய பிறகே வந்தால் கதை தலைகீழ். பைப் நீண்டு, குளிர்ந்திருக்கும்போது தொடாத எதையோ தொடுகிறது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆர்பிஎம்மை ஏற்றினாலும் அதே சத்தம் வந்தால் சக்கரத்தையும் சஸ்பென்ஷனையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். நியூட்ரலில் வராமல் கியரில் இழுக்கும்போது மட்டும் வந்தால், இன்ஜின் தன் மவுண்டில் சாய்ந்து பைப்பை எதன் மேலோ தள்ளுகிறது.

இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒரு சுலபமான சோதனையும் உண்டு. சைலன்சருக்குள் வால்வு உள்ள கார் என்றால், சாதா மோடிலிருந்து ஸ்போர்ட் மோடுக்கு மாற்றிப் பாருங்கள். வால்வு திறந்ததும் சத்தம் நின்றாலோ, மூடியதும் தொடங்கினாலோ, பாதி வேலை முடிந்தது. ஸ்போர்ட் மோடில் கால் எடுக்கும்போது படபடவென்று பின்னால் வெடிப்பதைக் குறை என்று எழுதிவிடாதீர்கள். அதற்காகத்தான் சிலர் காசு கொடுக்கிறார்கள்.

நண்பரின் காருக்கு வருவோம். ஷோரூமில் இரண்டு தடவை டெஸ்ட் டிரைவ் எடுத்தும் சத்தம் வரவில்லை என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. காலையில் விட்ட வண்டியை மதியம் எடுத்து, கட்டடத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருப்பார்கள். நாங்கள் அவிநாசி சாலையில் ஓட்டியபோது முதல் கால் மணி நேரம் எங்களுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, மூன்றாவது கியரில் 2,000க்கும் 2,300க்கும் இடையில், காலை லேசாக வைத்திருந்தால் மட்டும், ஜிர்ர். அழுத்தி மிதித்தால் இல்லை. ஓரமாக நிறுத்தி நியூட்ரலில் 2,200க்கு ஏற்றினோம். அங்கேயும் ஜிர்ர். நண்பருக்கு அது கியர் லீவருக்குக் கீழே கேட்டது. நான் இறங்கிப் பின்னால் நின்றேன். எனக்கு வலது சக்கரம் பக்கம் கேட்டது. இரண்டு பேர் காதும் இரண்டு இடத்தைச் சொன்னால் இரண்டையுமே நம்பக்கூடாது.

சூடு ஆறுவதற்குள் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றினோம். அவர் ஸ்டெதஸ்கோப்பைத் தேடவில்லை. மூலையில் சாய்த்திருந்த துடைப்பக் கட்டையை எடுத்தார். நண்பரை மேலே உட்காரவைத்து ஆர்பிஎம்மை 2,200இல் பிடிக்கச் சொன்னார். கட்டையின் நுனியால் ஒவ்வொரு தகடாக அழுத்திக்கொண்டே போனார். பின் சைலன்சர் தகடு, மாற்றமில்லை. ரெசனேட்டர் கிளாம்ப், மாற்றமில்லை. நடுப் பைப்புக்கு மேலே இருந்த ஷீல்டின் இடது விளிம்பில் வைத்ததும் சத்தம் கத்தியால் அறுத்தது போல நின்றது. எடுத்தார், வந்தது. வைத்தார், நின்றது. பஸ் கண்ணாடியின் மேல் விரல்.

வண்டியை அணைத்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தோம். ஷீல்டுக்கும் பைப்புக்கும் நடுவே மற்ற இடங்களில் ஒரு விரல் தாராளமாகப் போனது. அந்த விளிம்பில் மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். பழுப்பேறிய பைப்பின் மேல் மிளகளவு ஓர் இடம் மட்டும் புதுப் பாத்திரம் போலப் பளபளத்தது. உரசிய இடம் எப்போதும் பளபளக்கும். தேட வேண்டியது அதைத்தான். குளிர்ந்திருக்கும்போது தொடாத பைப், சூடேறி நீண்டதும் தகட்டைத் தொட்டிருக்கிறது.

இதுவரை நாங்கள் கம்பெனியைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். மெக்கானிக் டார்ச்சைக் கொஞ்சம் கீழே இறக்கி, ஷீல்டின் அடி விளிம்பைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு கீறல், அதில் ஒட்டிய சிமெண்ட் தூள். நண்பரின் அடுக்குமாடி வாசலில் ஒரு வேகத்தடை இருக்கிறது. இந்தியச் சாலைப் பேராயத்தின் அளவுப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட நிதானமான மேடாக இருக்க வேண்டும். அந்த வாசலில் இருப்பது கொத்தனார் மனம்போல் கட்டிய அரை மீட்டர் அகலச் சுவர். தாழ்ந்த கார் அதைத் தாண்டும்போது வயிறு தட்டியிருக்கிறது. தகடு ஒரு பக்கம் பைப்பை நோக்கி மடங்கியிருக்கிறது. நம் ஊரில் ஓடும் எந்தத் தாழ்ந்த காருக்கும் இந்த விபத்து உண்டு. இன்ஜினுக்கு அடியிலேயே மேனிஃபோல்டு போகும் பாக்ஸர் வகைக் கார்களில் சூடான பாகங்கள் தரைக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும், ஆகவே அவற்றில் இன்ஜினின் அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

"கையால வளைச்சா ஒரு நிமிஷ வேலை சார். ஆனா நான் கை வைக்க மாட்டேன். வாரண்டி வண்டி, ஷோரூம்லயே செய்யச் சொல்லுங்க" என்றார் மெக்கானிக். நல்ல மனிதர். மறுநாள் ஷோரூமில், எந்த ஷீல்டு, எந்த விளிம்பு என்று சொன்னதும், பத்து நிமிடத்தில் வளைத்து, போல்டுகளை இறுக்கி, காசு வாங்காமல் அனுப்பினார்கள்.

நீங்களாகவே பார்ப்பதானால் சில எச்சரிக்கைகள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது. பைப்பைத் தட்டிப் பார்க்க வேண்டுமென்றால் வண்டி முழுக்க ஆறிய பிறகு, ரப்பர் சுத்தியலால் அல்லது கையுறை போட்ட கையால் மெதுவாக. மூடிய கராஜுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சத்தம் தேடாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காருக்குள் புகை வாடை வந்தால் அது சத்தப் பிரச்சினையே அல்ல. ஜன்னலைத் திறந்துகொண்டு நேராக சர்வீஸுக்குப் போங்கள்.

சைலன்சர் என்று நினைத்து ஏமாறும் இடங்களும் உண்டு. நான் முதலில் கை வைப்பது பின் நம்பர் பிளேட்டில். இரண்டு ஸ்க்ரூ தளர்ந்தால் போதும், அசல் ஹீட் ஷீல்டு போலவே பாடும். டிக்கியில் ஜாக்கியும் ஸ்பேனரும் அதனதன் பஞ்சில் உட்கார்ந்திருக்கின்றனவா பாருங்கள். பிரேக் டிஸ்க்குக்கும் பின் தகட்டுக்கும் நடுவில் மாட்டிய ஒரு ஜல்லிக்கல், தகரத்தைக் கிழிப்பது போலக் கத்தும். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் சில சமயம் தானாக விழுந்துவிடும். சிலிண்டருக்குள் நேராகப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களில் இன்ஜெக்டர் டிக்டிக்கென்று அடிப்பது இயல்பு. முதல் தலைமுறை 86 கார்களில் பெட்ரோல் பம்பு எழுப்பும் ஒலியை அதை வைத்திருந்தவர்கள் சிள்வண்டு என்றே அழைத்தார்கள். ஓட்டி முடித்து நிறுத்திய பிறகு அடியில் கேட்கும் டிக், டிக், டிக் வெறும் பைப் ஆறிச் சுருங்கும் சத்தம். அதற்காக யாரும் ஷோரூமுக்குப் போக வேண்டாம்.

ஷோரூமுக்குப் போகும்போது மூன்று விஷயங்களைச் செய்யுங்கள். டாக்கோமீட்டர் முள் தெரியும்படி சத்தத்தோடு ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். ஓட்டுவது ஒருவர், எடுப்பது இன்னொருவர். குளிரில் வரும் சத்தம் என்றால் வண்டியை முதல் நாள் மாலையே விட்டு, காலை முதல் ஸ்டார்ட்டை டெக்னீஷியனையே செய்யச் சொல்லுங்கள். சூட்டில் வரும் சத்தம் என்றால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தம் வரும்வரை நீங்கள் ஓட்டுங்கள். ஜாப் கார்டில் "சத்தம் வருகிறது" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். "20 நிமிடம் ஓடிய பிறகு, 2,000 முதல் 2,300 ஆர்பிஎம்மில், நியூட்ரலிலும் வருகிறது" என்று எழுதச் சொல்லி, நகலை வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி முடிந்த பிறகு அதே சத்தம் திரும்ப வந்தால் அந்த ஒரு வரிதான் உங்களுக்குச் சாட்சி.

இன்னொரு வழியையும் சிலர் சொல்வார்கள்: "இந்தச் சைலன்சரைக் கழற்றிப் போட்டுட்டு வெளி சைலன்சர் மாட்டிடலாம் சார், எந்தச் சத்தமும் தெரியாது." தெரியாதுதான், அதைவிடப் பெரிய சத்தம் இருக்குமே. வாரண்டியில் தகராறு வரும் என்பது ஒரு பக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் ஒலி விதியை மீறினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ, கூடவே லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போகும் என்று இருக்கிறது.

நண்பரின் கார் இப்போது 9,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அடியில் சத்தம் இல்லை. அடுக்குமாடி வாசலின் வேகத்தடை மட்டும் அப்படியே இருக்கிறது. அதை இடிக்கச் சொல்லிச் சங்கத்துக்கு மனுக் கொடுத்திருக்கிறார்.